தழை போடும் இடம்

மேல்நடுவூர்
16.6.2024

அன்புள்ள சந்தியாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்து, பழையபடி எல்லாரையும் திட்ட ஆரம்பித்துவிட்டார். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? மெஸ் குழம்பில் காரம் ஜாஸ்தி என்றாயே, தயிர் வாங்கி ஊற்றிக்கொள்.

பாறை மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கோடு வருகிறது. ஏறி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் கடிதம். வெள்ளிமலை பஸ் கண்டக்டர் இளவரசன் அண்ணன் கொண்டுவந்து கொடுப்பார். "வாரத்துல ஒரு நாளு தபால்காரனா இருந்துட்டுப் போறேன், இன்னா இப்போ" என்றார்.

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பை அங்கன்வாடிக் கணக்கு அடிக்கத் திறந்தேன். அதில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு ஆள் நிற்கிறான். அம்புக்குறியை அழுத்தினால் நடக்கிறான். சுவரில் முட்டினால் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான். மழைக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. மத்தியானம் முழுக்க அவனை முட்டவிட்டுக்கொண்டே இருந்தேன். தெரியாமல் எதையோ தொட்டதில் சுவர் பச்சையாகிவிட்டது. உன்னுடையது எதையாவது கெடுத்துவிட்டேனா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கோகிலவாணி


கள்ளக்குறிச்சி
24.6.2024

அக்கா,

நலம். வயிறு பரவாயில்லை. மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

எதுவும் கெடவில்லை. அது நான் முடிக்காமல் விட்டது. பச்சைச் சுவர் அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அது விளையாட்டுகள் செய்கிற ஒரு மென்பொருள். அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டிகளைப் போல, வேண்டுமென்றே சிறியதாகச் செய்தது. ஓர் உருவத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளி. ஓர் அறைக்கு மூன்று நிறம். குதிக்க முடியாது. சுட முடியாது. நடக்கலாம், முட்டலாம், ஒன்றை எடுக்கலாம், ஒன்றை வைக்கலாம். அவ்வளவுதான். இல்லாதவற்றால் ஆனது. அதனால் எனக்குப் பிடிக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், இதற்கு ஒரு கேம் ஜாம் நடக்கும். இணையத்தில் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து ஏற்ற வேண்டும். எந்தெந்த நாட்டிலிருந்தோ இருநூறு பேர், எல்லாரும் பொழுதுபோக்குக்குச் செய்பவர்கள். பரிசு கிடையாது. ஒருவர் விளையாட்டை மற்றவர் விளையாடி, பெயர் தெரியாமல் நட்சத்திரம் போடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று வருடமாகச் சேர்கிறேன். எண்பத்தெட்டாவது இடம். நூற்று மூன்று. எழுபத்தொன்று.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டரிலும் சொல்லவில்லை. எனக்கென்று இருக்கிற ஒன்று.

நீயும் சும்மா செய்து பார். பொழுது போகும்.

சந்தியா


மேல்நடுவூர்
21.7.2024

அன்புள்ள சந்தியாவுக்கு,

எல்லாரும் சுகம். சாமை விதைத்தாயிற்று. உன் மாமாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. நீ இளைத்துவிட்டாய் என்று இளவரசன் அண்ணன் சொன்னார். அவர் கண்ணுக்கு எல்லாரும் இளைத்துத்தான் தெரிவார்கள். இருந்தாலும் சாப்பிடு.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஆடு இருக்கிறது. சிரிக்காதே.

எட்டுக்கு எட்டு என்றாயே, திரையில் அவ்வளவு சின்னதாக எனக்குக் கண் பிடிக்கவில்லை. அங்கன்வாடித் தரையில் சாக்பீஸால் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, புளியங்கொட்டை கொடுத்தேன். பிள்ளைகள் வைத்தார்கள். சும்மாவே எண் பழக அந்தக் கொட்டைகளைத்தான் வைத்திருக்கிறோம். தூரப் போய் நின்று பார்ப்பது, ஒரு கொட்டையை நகர்த்துவது, மறுபடி தூரப் போய்ப் பார்ப்பது. நாலு நாள் ஆயிற்று. சரியாக வந்ததும் அதைப் பார்த்துத் திரையில் குத்தினேன்.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, நாயா?"

"ஆடும்மா. வாலப் பாரு, தூக்கிக்கினு கீது" என்றார் உன் மாமா.

"நாய்க்குந்தான் வாலு கீது."

"நாயி இப்டி முறைக்குமா?"

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிப்பாவி, நம்ம கறுப்பிடா இது" என்றார். எங்கள் பெட்டை ஆட்டின் பெயர் கறுப்பி. அதைத்தான் நினைத்துச் செய்தேன். ஒரு கொட்டையில்தான் அந்த முறைப்பு வந்தது.

எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா


கள்ளக்குறிச்சி
11.8.2024

அக்கா,

நலம். மாமாவுக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

பதில் தாமதம். வேலை.

ஆடு நன்றாக இருக்கிறது. நான்கு காலும் தெரிய வேண்டியதில்லை, இரண்டு போதும். வால் ஒரு புள்ளி நீளம்.

புளியங்கொட்டை நல்ல யோசனை. நான் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் செய்கிறேன். மூன்று வருடமாக.

மத்தியான இடைவேளையில் பென்டிரைவைத் திறந்தபோது ராஜேஷ்குமார் பின்னால் வந்து நின்றார். பக்கத்து அறையில் டேலி கணக்கு வகுப்பு நடத்துகிறவர். "ஏங்க, யார் செஞ்சது இது? உசுரா கீது" என்றார். அக்கா என்றேன். "அக்காவும் எம்.ஏ.வா?" என்றார். இல்லை என்றேன்.

பேச்சோடு பேச்சாக, என் பழைய விளையாட்டு ஒன்றையும் திறந்து காட்டினேன். முதல் முறையாக ஒருவருக்கு. நின்றபடியே விளையாடினார். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இன்னா சொல்ல வர்றீங்கன்னு புரியல" என்றார். மறுபடி ஆட்டைப் பற்றிக் கேட்டார்.

ஆட்டின் கால்களை நீ மாற்றிப் பார்க்கலாம். கட்டாயமில்லை.

சந்தியா


மேல்நடுவூர்
1.9.2024

அன்புள்ள சந்தியாவுக்கு,

சுகம். உன் சுகம் எழுது. இந்தத் தடவை நீ அதைப் பற்றி ஒரு வரிகூட அதிகம் எழுதவில்லை.

கால் இரண்டாக வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள், "டீச்சர், கறுப்பிக்கு ஊனமா?" என்று கேட்டார்கள். அதனால் நாலாகவே விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜாமில் நானும் சேரலாமா? உனக்கு வேண்டாம் என்று இருந்தால் வேண்டாம். நீதான் சொல்ல வேண்டும். அப்படிச் சேரலாம் என்றால், அதில் தமிழ் எழுத்து வருமா? எனக்கு இங்கிலீஷில் எழுத வராது என்பது உனக்குத் தெரியும்.

மலைப் பூண்டு கொஞ்சம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பாலில் வேகவைத்துச் சாப்பிடு. வாயு போகும்.

அக்கா


கள்ளக்குறிச்சி
4.10.2024

அக்கா,

நலம். பூண்டு வந்தது. ஒரு மாதம் பதில் எழுதவில்லை. காரணம் சொல்லும்படி எதுவும் இல்லை.

சேரலாம். யாரும் சேரலாம் என்பதுதான் அதன் விதி.

தமிழ் எழுத்து வராது. எட்டுப் புள்ளிக்குள் ஒரு 'ண' அடங்காது. வார்த்தை இல்லாமல் செய்ய முடிந்தால் செய். கடினம். என்னுடையதில் இப்போதே எழுநூறு இங்கிலீஷ் வார்த்தைகள்.

தலைப்பு இன்று வந்தது: திரும்பும் வழி.

நான் ஒரு பேருந்து நிலையம் செய்கிறேன். உளுந்தூர்பேட்டை மாதிரி, ஆனால் காலியானது. ஒருவன் எந்தப் பேருந்தில் ஏறினாலும் அங்கேயே வந்து இறங்குகிறான். அதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும்.

கடைசி நாள் பதினெட்டாம் தேதி, மாலை ஐந்தரை. உனக்கு இணையம் இல்லை. பென்டிரைவை அன்று காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டால், இரண்டையும் நானே ஏற்றிவிடுகிறேன்.

சந்தியா


மேல்நடுவூர்
17.10.2024

அன்புள்ள சந்தியாவுக்கு,

நானும் வீட்டில் எல்லாரும் சுகம். உன் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. பாறை மேல் ஏறிக் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பாய்.

விளையாட்டு இதில் இருக்கிறது. ஒன்பது அறை. கீழே சந்தையிலிருந்து ஒரு பெண் சுமையோடு மலையேறி வீட்டுக்கு வருகிறாள். அவ்வளவுதான். வார்த்தை கிடையாது. நீ சொன்னபடி கடினமாகத்தான் இருந்தது. உன் மாமா இருபது தடவை விளையாடிவிட்டார். ஒவ்வொரு தடவையும், "ஏய், வூடு வந்துட்டேன்!" என்று கத்துகிறார்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நீ ஒரு தடவை விளையாடிப் பார். எங்காவது தப்பு இருந்தால் நீயே சரி செய்துவிடு. என்னைக் கேட்க வேண்டாம். உன் கை பட்டால் சரியாக இருக்கும்.

நீ செய்ததையும் பென்டிரைவில் போட்டு அனுப்பு. ஆசையாக இருக்கிறது.

அக்கா


கள்ளக்குறிச்சி
18.10.2024
(அனுப்பாதது)

அக்கா,

பதினொன்றரைக்கு பஸ் வந்தது. "பத்திரமா குடுன்னு ஒங்க அக்கா ரெண்டு தடவ சொல்லிச்சு" என்று இளவரசன் அண்ணன் கையில் வைத்து அழுத்தினார். வாங்கிக்கொண்டு துருகம் சாலையில் நடக்கும்போது ஒன்று தோன்றியது. வரவில்லை என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் எவ்வளவோ தொலைகிறது.

சென்டருக்கு வந்து விளையாடினேன்.

அந்தப் பெண். அவளுக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிதான். தலைச்சுமைக்குக் கழுத்து தாழ்ந்திருக்கிறது. எப்படி என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளியைப் பக்கத்தில் நகர்த்தியிருக்கிறாய். ஒரு புள்ளி. மூன்று வருடத்தில் நான் வைக்காத புள்ளி.

ஓடை. உன் ஆடு. ஒரு வளைவு. மூச்சு வாங்கி நிற்கும் இடம். நான் என்னை மறந்து நடந்துகொண்டிருந்தேன். அதைக் கவனித்ததும் வெறுப்பாக இருந்தது.

ஐந்தாவது அறையில் தவறு இருக்கிறது. மேலே போனால், அதே அறையின் அடியில் வந்து நிற்கிறாள். மறுபடி. மறுபடி. ஏழு முறை. ஓரத்தில் ஒரு பச்சைக் குவியல், அதற்கு ஒரு வேலையும் இல்லை. வாசலைத் தவறான அறையோடு இணைத்துவிட்டாய். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன். சரி செய்ய இரண்டு நிமிடம். நீயே சரி செய் என்று எழுதியும் இருக்கிறாய்.

சரி செய்யப்போவதில்லை.

இருநூறு பேரும் ஐந்தாவது அறையில் சுற்றிச் சுற்றி, சலித்து, மூடிவிட்டுப் போகட்டும். உன் வீட்டை ஒருவரும் பார்க்க வேண்டாம். நான் எதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருக்கிறேன். அவ்வளவுதான்.

அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது நீ பிளஸ் டூ. நான் ஏழாவது. நீ படிப்பை நிறுத்தினாய், நான் படித்தேன். இதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் இன்று எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்கு வீடு இருக்கிறது. உன்னைப் பார்த்துச் சிரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இருந்தது இந்த எட்டுக்கு எட்டு. அதற்குள்ளும் வந்துவிட்டாய். கூப்பிட்டதும் நான்தான்.

பொறாமை. வேறு சொல் தேடினேன். எனக்குத் தெரிந்த மற்றச் சொற்கள் எல்லாம் இதைவிடக் கௌரவமானவை. ஒன்றும் பொருந்தவில்லை.


கள்ளக்குறிச்சி
18.10.2024

அக்கா,

நலம். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

நாலு மணிக்கே இரண்டையும் ஏற்றிவிட்டேன். உன்னுடையதில் எதையும் மாற்றவில்லை. நன்றாக இருக்கிறது. முடிவு மூன்று வாரத்தில் வரும்.

சந்தியா


மேல்நடுவூர்
24.11.2024

அன்புள்ள சந்தியாவுக்கு,

நாங்கள் சுகம். மழையில் பாதை சரிந்து பஸ் நாலு நாள் வரவில்லை. நேற்றுதான் உன் கவர் கிடைத்தது. பிரித்தால் கடிதம் இல்லை. பிரிண்ட் எடுத்த தாள்கள் மட்டும். உனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்தே போனேன். "நல்லாத்தாம்மா கீது. மூஞ்சிதான் செத்துக் கெடக்குது" என்றார் இளவரசன் அண்ணன்.

தாளில் எல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூடத்து மீனா டீச்சரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னேன். இருநூற்றுப் பதினாலு விளையாட்டில் என்னுடையது நாலாவதாமே! அத்தை, "மொத மூணு பேரு யாரு? அவங்க வூட்ல ஆடு கீதா?" என்று கேட்டார். உன்னுடையது தொண்ணூற்று நாலு என்று மீனா சொன்னாள். அதை அவள் தப்பாகப் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

விளையாடியவர்கள் எழுதியதில் ஒன்றை மீனாவை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். "ஐந்தாவது அறையில் பத்து முறை சுற்றினேன். கோபம் வந்தது. மூடப்போனேன். கையை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்தேன். ஒரு கிழவி தலைச்சுமையோடு வந்தாள். மரத்தில் ஒரு தழையை ஒடித்தாள். குவியலில் போட்டாள், போய்விட்டாள். நானும் ஒடித்துப் போட்டேன். வழி திறந்தது. இந்த ஊர் எங்கே இருக்கிறது?"

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறை, மலை ஏறும்போதும் இறங்கும்போதும் நம் ஆட்கள் தழை போடும் இடம்தான். போடாமல் போனால் வழி அங்கேயே திரும்பக் கொண்டுவந்து விடும் என்பார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த காலத்தில் உன் கையாலும் ஒன்று போடவைத்திருக்கிறேன்.

வேறு யாராவது என்றால், இதென்ன வழி உடைந்திருக்கிறது என்று சரி செய்து கொடுத்திருப்பார்கள். அப்படி ஆகிவிடுமோ என்று இங்கே உட்கார்ந்து கவலைப்பட்டேன். தப்பு இருந்தால் திருத்து என்று வேறு எழுதித் தொலைத்திருந்தேனே. நீ தொடவில்லை. பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாலாவது இடத்தில் பாதி உன்னுடையது. அத்தையிடமும் சொல்லிவிட்டேன்.

கடிதம் எழுது. வெறும் தாள் அனுப்பாதே.

அக்கா


கள்ளக்குறிச்சி
1.12.2024

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

எனக்கு அந்த இடம் நினைவில்லை. ஆறாம் வகுப்புக்கு விடுதிக்கு வந்தவள். அதற்குப் பிறகு மலையை பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன். கிழவி வந்ததையும் நான் பார்க்கவில்லை. அவள் வரும்வரை நான் நிற்கவில்லை. தவறு தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அதை நீ செய்த பிழை என்று நம்பினேன். அதனால்தான் தொடவில்லை. நீ தோற்க வேண்டும் என்று.

அன்று எழுதி அனுப்பாத கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படி. படிக்காமல் கிழித்தாலும் சரி.

இன்னொன்று அதில் இல்லை. நட்சத்திரம் போடும் நாட்களில் உன் விளையாட்டுக்கு நானும் போட்டேன். ஐந்துக்கு இரண்டு. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. நீ நாலாவதாக வந்த பிறகு, மூன்றாவது இடத்துக்கும் உனக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தேன். மிகக் குறைவு. அதில் என் இரண்டு எவ்வளவு என்று கணக்குப் போடப் போனேன். போடவில்லை.

பாதி என்னுடையது இல்லை, அக்கா. அதைத் திரும்ப எடுத்துக்கொள். அத்தையிடமும் சொல்லிவிடு.

சந்தியா


மேல்நடுவூர்
9.1.2025

சந்தியாவுக்கு,

உன் மாமாவும் அத்தையும் சுகம்.

கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டையும் படித்தேன். கிழிக்கவில்லை. சோற்றுக்கு உப்பு மறந்துகொண்டே இருந்தேன். நாலாம் நாள் அத்தை தட்டைத் தள்ளினார். "ஏண்டி, தங்கச்சி மேல கோவம்னா எஞ் சோறு இன்னாடி பண்ணிச்சு?" நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

பாதி உன்னுடையது இல்லை என்று அத்தையிடம் சொல்லமாட்டேன். அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

நீ எழுதிவிட்டாய். நானும் ஒன்று எழுத வேண்டும். நீ எம்.ஏ. பட்டம் வாங்கிய அன்று எனக்குக் காய்ச்சல் என்று போன் செய்தேன். காய்ச்சல் இல்லை. விடிந்ததும் குளித்து, புதுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. உன்னை அந்தக் கறுப்பு அங்கியில் பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் கால் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். உன் மாமா நெற்றியைத் தொட்டார். "சுடலியே" என்றார். "உள்ள சுடுது" என்றேன். நீ அனுப்பிய போட்டோவை அந்த வருடம் முழுக்க நான் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை.

இதை நான் மூன்று வருடமாக வைத்திருந்தேன். நீ ஆறே வாரத்தில் எழுதிவிட்டாய். இதிலும் இவள்தான் முந்தி என்று தோன்றியது. அதற்கும் கொஞ்சம் எரிந்தது.

கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்று உனக்காகப் பொய் எழுதமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் தோற்க வேண்டும் என்று நினைத்தவள் ஒன்று போட்டிருக்கலாமே. இரண்டு போட்டிருக்கிறாய். அந்தக் கூடுதல் ஒன்று எதற்கு? இதைக் கடிதத்தில் எழுதாதே. பொங்கலுக்கு வந்து நேரில் சொல். கோபம் தீரட்டும் என்று காத்திருக்காதே. இருக்கும்போதே வா.

கோகிலவாணி